பொறுமை பலவீனமா?



கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் விடுமுறைக்கு வரும்போது நீட்சே என்னும் ஜெர்மானியரின் பெயரையும் கொண்டுவருகிறார்கள். பெற்றோர் திகைக்கவேண்டாம், அவர் சொன்னது என்ன என்று அறிந்துகொள்வது நல்லது.

1844-ம் ஆண்டு லுத்தரன் சபைப் போதகர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர் இவர். 24-ம் வயதிலேயே பாசெல் சர்வகலாசாலையில் பேராசிரியரானார். ஒழுக்கம் பிறந்த வரலாற்றைப் பற்றி 1887-ல் வெளியிட்ட நூலில் அவர் சாட்டும் குற்றம் இது: திருப்பியடிக்க வலுவில்லாதவன் தன் இயலாமைக்குப் பொறுமை என்று பெயர் சூட்டினான், பழிவாங்க முடியாததை மன்னிப்பு என்றான், அப்படிப் பிறந்ததே கிறீஸ்தவ ஒழுக்கம். வெளியே பாயமுடியாத இயல்புணர்ச்சிகள் உள்ளே திரும்பி மனிதனையே கடிப்பதுதான் மனச்சாட்சியின் உறுத்தலாம்.

இதில் உண்மையே இல்லை என்று சொல்ல நான் துணியமாட்டேன். வரப்புத் தகராறில் தோற்றவன், "நான் மன்னித்துவிட்டேன், சுவாமி, சர்வேசுரன் பார்த்துக்கொள்வார்" என்கிறான். அடுத்த மாதம் எதிராளியின் மாடு செத்தால் அவன் முகம் மலர்ந்துபோகிறது. இது மன்னிப்பா? கையாலாகாத கோபமல்லவா ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது! இந்த நோயை நீட்சே நன்றாகவே கண்டுகொண்டார். நோயைக் காட்டி, இதுதான் உடம்பு என்று சொன்னதிலேதான் தவறினார்.

இயல்புணர்ச்சிகளைக் கொன்றுவிடும்படி திருச்சபை போதிக்கவில்லை. கோபம், ஆசை, அச்சம் முதலியவை தம்மிலே நன்மையுமல்ல, தீமையுமல்ல. புத்தியின் ஆளுகைக்குட்பட்டால் புண்ணியத்துக்கே உதவும் என்று அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் 13-ம் நூற்றாண்டிலேயே விளக்கினார். கோபிக்கவேண்டிய இடத்தில் கோபியாதிருப்பதும் குற்றமாகலாம் என்பது அவர் கருத்து. சேசுநாதர் வியாபாரிகளைத் தேவாலயத்திலிருந்து துரத்தக் கயிற்றால் சாட்டை பின்னினார். லாசரின் கல்லறையருகே அழுதார். உணர்ச்சி செத்தவர் செய்கிற காரியமா இது? ஒலிவத் தோட்டத்தில் இராயப்பரை வாளை உறையிலே போடச் சொன்னது பலமில்லாமையாலா? பன்னிரு சேனைகளுக்கும் அதிகமான சம்மனசுகளைப் பிதாவிடம் கேட்டுப் பெறமுடியும் என்று அந்நேரத்திலேயே சொன்னவரல்லவா அவர்!

கிறீஸ்தவ வேதம் காதலுணர்ச்சிக்கு நஞ்சூட்டியது என்ற நீட்சேயின் மற்றொரு குற்றச்சாட்டை, 16-ம் பெனடிக்ட் பாப்பரசர் 2005-ம் ஆண்டு தேதியிட்ட தமது முதல் நிருபத்தில் மறைக்காமல் எடுத்துரைத்தே பதில் தந்தார். நாமும் அஞ்சவேண்டியதில்லை.

1889 ஜனவரியில் தூரின் நகரில் நீட்சேக்குச் சித்தம் கலங்கிற்று. அதைத் தேவதண்டனை என்று சிலர் பேசுவது நியாயமல்ல. ஒருவருடைய வாதத்துக்கு அவருடைய வியாதி பதிலாகாது. மறுவருஷம் அவரை வீட்டுக்கு அழைத்துவந்து, 1897-ல் தான் மரிக்கும்வரை பராமரித்தவள் அவருடைய தாய். மகன் தாக்கி எழுதிய விசுவாசத்திலேயே வாழ்ந்த போதகரின் விதவை அவள். பெற்ற பிள்ளையைப் பேணுவது இயல்புணர்ச்சிதானே என்பார்கள். ஆம், இயல்புணர்ச்சியே. அது எங்கே முடிந்து தேவசிநேகம் எங்கே தொடங்கிற்று என்று பிரித்துக் காட்ட என்னால் ஆகாது.

இதைப்பற்றி மேலும் பேச விரும்பும் வாலிபர், ஞாயிறு மாலை ஜெபமாலைக்குப் பின் பங்கு வீட்டுக்கு வரலாம். புத்தகத்தையும் கொண்டுவாருங்கள்.

உங்கள் பங்குச் சுவாமியார்