நடுக்கமும் பொறுமையும்

2004 டிசம்பர் 26 அன்று வரிச்சிக்குடி அடங்கிய காரைக்கால் வட்டாரக் கரையை ஆழிப்பேரலை தாக்கிற்று. அத்தகைய பேரிடர் கண்டு, ஆண்டுகள் கழிந்தும் அலையோசைக்கு நடுங்குவோரிடம், “சபூர் செய்யுங்கள்” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பொறுமை எல்லார்க்கும் ஒரே அளவில் கைவருவதா?

அஞ்சும்போது சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி கார்ட்டிசாலைச் சுரக்கிறது. அது குருதிவழி மூளையை அடைந்து, நரம்பணுவினுள் தன்னை ஏற்கும் புரதத்தோடு இணைந்து, உட்கருவில் புகுந்து, சில மரபணுக்களைத் தூண்டுகிறது, சிலவற்றை அடக்குகிறது. ‘சுரந்தது போதும்’ என்னும் கட்டளையும் அவ்வேற்பிப் புரதத்தின் வழியே பிறப்பதுதான்.

அதே ஆண்டில், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து மைக்கேல் மீனி, மோஷே ஷிஃப் குழுவினர் எலிகளிடம் ஒன்று கண்டனர். தாய் குறைவாக நக்கிப் பேணிய குட்டிகளில், அவ்வேற்பியை ஆக்கும் மரபணுவின்மேல் மெத்தில் என்னும் வேதிப்பூட்டு மிகுந்திருந்தது. வளர்ந்தபின் அவை எளிதில் கலங்கின. கலக்கம் தணியவும் நேரமாயிற்று. பேணும் தாயிடம் பிறந்தவுடன் மாற்றிவிடப்பட்ட குட்டிகளுக்கோ பூட்டு குறைந்தது.

எலிக்குக் கண்டதை மனிதர்க்கு அப்படியே பொருத்த நான் துணியேன். ஆயினும், எவர் அணுவில் எத்தனை பூட்டென்று அறியாத நாம், நடுங்குபவரை நெஞ்சுரமற்றவர் எனத் தீர்ப்பிடுவது எங்ஙனம்? அப்பூட்டும் நிலையானதன்று, வளர்ந்த எலிகளின் மூளையில் ஒரு மருந்தைச் செலுத்தியபோது அது தளர்ந்தது.