ஒத்து ஊதுகிறவன்

தமிழில் ஒரு மனிதனை இழித்துப் பேச வேண்டுமானால், கச்சேரி மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவனைத் துணைக்கு அழைப்பது நம் வழக்கம். மேலதிகாரி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவனை "ஒத்து ஊதுகிறான்" என்கிறோம். "ஜால்ரா அடிக்கிறான்", "தாளம் போடுகிறான்", "பின்பாட்டுப் பாடுகிறான்" என்று வேறு பட்டங்களும் தயாராக இருக்கின்றன. துணை நிற்கிறவன் என்றாலே சொந்த முதுகெலும்பு இல்லாதவன் என்று நம் பேச்சு எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டது. அந்தத் தீர்ப்பு நியாயமானதுதானா என்று யாரும் மேல்முறையீடு செய்ததாகத் தெரியவில்லை. இந்தக் கட்டுரையை அப்படி ஒரு மனுவாக எண்ணிக்கொள்ளலாம்.

முதலில், ஒத்து என்பது என்ன? நாகஸ்வரத்தைப் போலவே நீண்ட குழல். ஆனால் விரல் வைத்து ஸ்வரம் பிடிக்கும் துளைகள் அதில் இல்லை. அடிப்பக்கத்தில் உள்ள துளைகளை மெழுகால் வேண்டிய அளவு அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். பிறகு அதை ஊதுகிறவன் ஒரே ஒரு ஸ்வரத்தை இடைவிடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே, கன்னத்தில் சேர்த்து வைத்த காற்றை வாயால் விட வேண்டும். சுவாமி புறப்பாடு நான்கு வீதியும் சுற்றி முடியும் வரையில் அவனுக்கு ஓய்வு கிடையாது. ராகம் மாறும், கீர்த்தனை மாறும், தவுல்காரர் தனி வாசிப்பார். அவனுடைய ஒலி மட்டும் மாறாது.

இங்கேதான் நம் வசைமொழி தடுக்கி விழுகிறது. தலையாட்டுகிறவனின் லட்சணம் என்ன? எஜமானன் கிழக்கு என்றால் கிழக்கு, மேற்கு என்றால் மேற்கு. எஜமானன் மாறினால் இவனும் மாறுவான். ஒத்தோ நாகஸ்வரத்தின் பின்னால் ஓடுவதில்லை. நாகஸ்வரம்தான் எட்டாத உயரத்துக்கெல்லாம் பறந்துவிட்டு, கடைசியில் ஒத்தின் ஸ்வரத்துக்கே திரும்பி வந்து இளைப்பாற வேண்டும். எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும், அந்த மாறாத ஒலியை விட்டு ஒரு நூல் விலகினாலும் அவர் வாசிப்பது அபஸ்வரம். அப்படியானால் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர்? ஒத்து ஊதுகிறவன் தலையாட்டி அல்ல; அந்த மேளத்திலேயே தலையாட்டாத ஒரே மனிதன் அவன்தான்.

ஒத்தைச் சுருதிப்பெட்டி விலக்கியது. சுருதிப்பெட்டியை மின்சாரப் பெட்டி விலக்கியது. மூச்சுமுட்ட ஊதிய பையனின் கஷ்டம் தீர்ந்தது என்று மகிழத்தான் வேண்டும். ஆனால் கேள்வி தீரவில்லை. மேல் ஒலியைத் தாங்கும் அடி ஒலி எல்லா இசையிலும் இருக்கிறது. அதை எழுப்புகிற ஒருவனும் எங்கோ இருக்கிறான்.

சித்திரை மாதத்தில் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். மக்காச்சோளமும் பருத்தியும் எடுத்து முடிந்து கரிசல் நிலம் வெறுமையாகக் கிடக்கும். ஊருக்கு ஊர் திருவிழா. பகலில் மேளம், இரவில் மெல்லிசைக் கச்சேரி. ஒரு மைல் தூரத்தில் நடந்து வரும்போது முதலில் காதில் விழுவது பாட்டு அல்ல. தவுலின் இடப்பக்கம், அல்லது கச்சேரி மேடையின் பேஸ் கிதார். பூமிக்குள்ளிருந்து வருவதுபோல் "தும் தும்" என்று ஓர் அதிர்வு. இன்னும் கொஞ்சம் நெருங்கினால்தான் பாடகரின் குரல் வந்து சேரும்.

இதற்குக் காரணம் உண்டு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. பேஸ் கிதாரின் மிகத் தடித்த தந்தி விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. வகுத்துப் பார்த்தால், அதன் ஓர் அலை எட்டு மீட்டர் நீளத்துக்கு மேல் வருகிறது. சுவரோ மரமோ குறுக்கே நின்றால் அவ்வளவு பெரிய அலை சுற்றி வளைத்துக்கொண்டு போய்விடும். கைப்பேசிக்குள் இருக்கும் பொத்தான் அளவு ஒலிபெருக்கியால் அந்த அலையை எழுப்பவே முடியாது. அதில் பாட்டுக் கேட்கும்போது, மேலே மிதக்கும் கிளை ஒலிகளை வைத்துக்கொண்டு, அடி ஒலி இன்னதாக இருக்கும் என்று நம் காது ஊகித்துக்கொள்கிறது. நேரில் போய் நின்றால்தான் ஊகம் போய் உண்மை கிடைக்கும். காது மட்டுமல்ல, நெஞ்சுக்கூடும் உள்ளங்காலும்கூடக் கேட்கும். கச்சேரியை நேரில் கேட்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

அப்படி ஒரு திருவிழாவில், இடைவேளையின்போது மேடைக்குப் பின்னால் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பேஸ் கிதார்க்காரரோடு பேச்சுக் கொடுத்தேன். ஐம்பது வயதிருக்கும். "உங்கள் வாசிப்பை ஊரில் யாராவது பாராட்டியதுண்டா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "பாடுகிற பெண்ணுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டைக் குத்துவார்கள் ஐயா. கீபோர்டு தம்பியோடு நின்று படம் பிடித்துக்கொள்வார்கள். என்னிடம், 'அண்ணே, நீங்கள் வாசிப்பது கிதார்தானே, அதில் ஏன் நாலே கம்பி?' என்பார்கள்" என்றார். பிறகு, "அடுத்த பாட்டில் இரண்டாவது சரணத்தைக் கவனியுங்கள்" என்று சொல்லிவிட்டு மேடை ஏறினார்.

இரண்டாவது சரணம் வந்தது. நாலு தாள வட்டம் மட்டும் அவர் கையைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டார். பாட்டு நிற்கவில்லை. பாடகியின் குரல் அப்படியே இருந்தது. கீபோர்டும் டிரம்ஸும் இருந்தன. ஆனால் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் கால் ஒரு கணம் தயங்கியது. படியில் கால் வைக்கப் போகும் இடத்தில் படி இல்லாததுபோல் ஒரு தடுமாற்றம். என்ன குறைந்தது என்று எவருக்கும் தெரியவில்லை. அவர் மறுபடி வாசித்தார்; பிள்ளைகளும் மறுபடி ஆடினார்கள். மேடையிலிருந்து என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

இதே நிலத்தில், அடியில் இருப்பது போனபோது என்ன நேர்ந்தது என்பது சரித்திரம். 1956 நவம்பர் 23 விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ், அரியலூருக்கு அப்பால் மருதையாற்றுப் பாலத்தருகே வெள்ளத்தில் கவிழ்ந்தது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த பிடிமானத்தை வெள்ளம் அரித்துவிட்டிருந்தது. 140 பேருக்கு மேல் மாண்டார்கள். அன்றுவரை அந்த மண்கரையைப் பற்றி எந்தப் பயணியாவது நினைத்திருப்பாரா? ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவர் வயலைப் பார்த்திருப்பார், ஆற்றைப் பார்த்திருப்பார். தாங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்க ஜன்னலில் வசதி கிடையாது.

அந்த விபத்துக்குத் தார்மிகப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமாச் செய்தார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் நடந்த விபத்துக்காகவும் அவர் விலக முன்வந்திருந்தார். அப்போது பிரதமர் நேரு அதை ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். சாஸ்திரியின் செயலை நேர்மைக்கு உதாரணமாகச் சொல்கிறோம், சரிதான். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. உச்சியில் இருந்த ஒருவர், அடியில் நேர்ந்த குறையைத் தம்முடையது என்றார். கச்சேரிகளில் நடப்பதோ பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். சுருதி விலகினால் வித்வான் திரும்பிச் சுருதிக்காரனை முறைப்பார். கச்சேரி பிரமாதமாக அமைந்துவிட்டால் மாலை வித்வானுக்கு. பிழை கீழே இறங்குகிறது, புகழ் மேலே ஏறுகிறது.

என் நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "அச்சாணி தேருக்குள் மறைந்திருப்பதுதான் அழகு. அஸ்திவாரம் மண்ணுக்குள் இருந்தால்தான் அஸ்திவாரம். தன்னைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதே அவர்கள் கலை. நீர் போய் அவர்களைப் புகழ்ந்தால் அந்த அடக்கம் கெட்டுவிடும்" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அடி ஒலி தன்னைக் கவனி என்று கேட்கத் தொடங்கினால் இசை செத்துப்போகும். அதற்கும் திருவிழாக்களில் சாட்சி இருக்கிறது. லாரி நிறைய ஒலிபெருக்கிகளை அடுக்கி, ஜன்னல் கண்ணாடி அதிர, மார்பைக் குத்துகிற மாதிரி "தம் தம்" என்று போடுகிறார்களே, அது அடி ஒலிதான். ஆனால் எதையும் தாங்காத அடி ஒலி. குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபெலுக்கு மேல் கூடாதென்று 2000-ஆம் ஆண்டின் ஒலி விதிகள் சொல்லியும், தொட்டில் குழந்தை வீறிட்டு அழுவது நிற்கவில்லை. துணை நிற்க வேண்டியது துரைத்தனம் செய்தால் இப்படித்தான் ஆகும்.

ஆனால் நண்பரின் மறுபாதியை நான் ஏற்கமாட்டேன். தன்னைக் காட்டிக்கொள்ளாதது அவனுடைய தர்மம். அதைக் காரணமாகக் காட்டி அவனைக் காணாமல் இருப்பது நம்முடைய தர்மம் ஆகிவிடாது. அடக்கம் என்பது அவன் கொடுக்கும் தானம். நாம் வசூலிக்கும் வரி அல்ல. இன்னும் சொல்லப்போனால், உலகத்தில் சில வேலைகள் இருக்கின்றன. செய்கிறவன் வாய் திறந்து "நான் செய்தேன்" என்று சொன்னால் அந்த வேலையே கெட்டுவிடும். அப்படிப்பட்ட வேலைகளில், "அவன் செய்தான்" என்று சொல்லும் பொறுப்பு மற்றவர்களைச் சேர்கிறது. அவன் பேச முடியாது; ஆகவே நாம் பேச வேண்டும். மழையில் தண்டவாளத்தை நடந்து பார்த்துவிட்டு வரும் ரயில்வே தொழிலாளிக்கும் இது பொருந்தும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட உட்காரும் வீட்டுப் பெண்ணுக்கும் பொருந்தும்.

இன்னொரு விஷயம். 'தாழ்ந்த' ஒலி, 'கீழ்' ஸ்தாயி என்கிறோம். இந்தச் சொற்களை நாம் மனிதர்கள் மேலும் ஒட்டியிருக்கிறோம் என்பதை மறக்கலாகாது. மிருதங்கத்தின் இடப்பக்கத்தில், கச்சேரிக்குச் சற்று முன் நீரில் பிசைந்த ரவையை அப்புகிறார்கள். அந்தக் கம்பீரமான அடி ஒலி அதிலிருந்து பிறக்கிறது. கச்சேரி முடிந்ததும் அதைச் சுரண்டி எறிந்துவிடுகிறார்கள். அந்தத் தோலை உரித்து, பதப்படுத்தி, இழுத்துக் கட்டிக் கொடுத்த மனிதர்களுக்கும் சபைகள் வெகுகாலம் ஏறக்குறைய அதே மரியாதையைத்தான் செய்தன. தஞ்சைப் பக்கத்து மிருதங்கத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றி, பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். மேடையில் வாசித்தவர் பெயர் ஊரறிந்தது. வாத்தியத்தைச் செய்தவர் பெயரை அறிய ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு முதன்முதலாக மேடை ஏறியபோது, பறையும் கானாவும் கிதாரும் அங்கே ஒன்றாக ஒலித்தன. வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த ஒலி நடு மேடைக்கு வந்தது. அதை வெறும் இசை ருசியின் மாற்றம் என்று நான் நினைக்கவில்லை. யாரைக் கேட்பது, யாரைக் கேட்காமல் விடுவது என்பதில் நேர்ந்த மாற்றம் அது.

கேட்பது ஓர் ஒழுக்கம் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் நமக்கு முன்னால் உரக்க ஒலிப்பதை மட்டும் கேட்பதற்குக் காது போதும். தாங்கிக்கொண்டிருப்பதைக் கேட்பதற்கு மனமும் வேண்டும். அதற்குப் பெரிய சங்கீத ஞானம் ஒன்றும் தேவையில்லை. அடுத்த முறை கோயிலிலோ கல்யாண மண்டபத்திலோ, புது இளைஞர்களின் இசைக்குழு ஆடும் அரங்கிலோ நிற்க நேர்ந்தால், ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் பாடுகிறவரை விட்டுவிடுங்கள். பின்னால் நிற்பவரின் இடது கையையோ, தவுலின் இடப்பக்கத்தில் விழும் பூவரசங்கழியையோ மட்டும் கவனியுங்கள். பாட்டு முடிந்ததும் கூட்டம் கை தட்டும். நீங்களும் தட்டுங்கள், ஆனால் யாருக்காகத் தட்டுகிறீர்கள் என்பதை அந்த மனிதர் தெரிந்துகொள்ளும்படி அவரைப் பார்த்துத் தட்டுங்கள்.