என் பட்டியலில் இல்லாத இருவர்

2017 ஆகஸ்டில், பல்கலைக்கழகத்தில் சேர்வதற்குச் சில வாரங்கள் முன்னால், என் முதல் ஃபேன்டசி பிரிமியர் லீக் அணியை அமைத்தேன். நான் சின்ன வயதிலிருந்தே லிவர்பூல் ரசிகன். அப்போதுதான் லிவர்பூல், ரோமாவிடமிருந்து முகமது சாலாவை வாங்கியிருந்தது. விளையாட்டில் அவர் விலை 9 மில்லியன். எடுக்கலாம் என்று கை போனது. பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன். புதிதாக விளையாட வருகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லும் முதல் அறிவுரை ஒன்று உண்டு: உன் சொந்தக் கிளப் ஆளை எடுக்காதே, பாசம் கண்ணை மறைக்கும். அந்த அறிவுரையைக் கேட்கிற கெட்டிக்காரனாக இருக்க நான் ஆசைப்பட்டேன்.

அந்தப் பருவத்தில் சாலா 32 கோல்கள் அடித்தார். அவர் எடுத்த 303 புள்ளிகள், அதுவரை அந்த விளையாட்டில் எந்த ஆட்டக்காரரும் தொடாத எண்ணிக்கை.

பல வருடங்கள் இதை நான் ஒரு ஜோக்காகச் சொல்லித் திரிந்தேன். இப்போது சொல்வதில்லை. வேறொரு பட்டியலில் அதே தவற்றை இன்னொரு முறை செய்தேன். அங்கே இருந்தவர்கள் நிஜ மனிதர்கள்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களிடம் 100 மில்லியன் பவுண்ட் கற்பனைப் பணம் இருக்கும். அதில் 15 ஆட்டக்காரர்களை வாங்க வேண்டும். ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. அவர்கள் நிஜத் திடலில் கோல் அடித்தால் உங்களுக்குப் புள்ளி ஏறும், சிவப்பு அட்டை வாங்கினால் மூன்று புள்ளி குறையும். கேப்டனாக வைத்த ஆளுக்குப் புள்ளி இரட்டிப்பாகும். வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்னால் அணியைப் பூட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அது நமக்குச் சனிக்கிழமை சாயங்காலம். உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் விளையாடுகிறார்கள். என் வீட்டில் எத்தனையோ கல்யாண விருந்துகளில் நான் மேசைக்கு அடியில் கைப்பேசியை வைத்து ஆளை மாற்றியிருக்கிறேன்.

ஸ்கூடாயில் படித்தபோது ஹாஸ்டலில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு குட்டி லீக் வைத்திருந்தோம். வாரக் கடைசியில் யார் புள்ளி குறைவோ அவன்தான் மாமாக் கடையில் எல்லாருக்கும் தே தாரிக் வாங்க வேண்டும். நான் நிறைய வாங்கியிருக்கிறேன். அதனால் இந்த விளையாட்டில் ஆள் எடுக்கும்போது செய்யக்கூடிய தவறுகள் அத்தனையும் எனக்கு அனுபவத்தில் தெரியும்.

போன வாரப் புள்ளியைப் பார்த்து இந்த வாரம் ஆள் வாங்குவது ஒரு தவறு. 2019 அக்டோபர் 25 அன்று லெஸ்டர், சவுத்ஹாம்டனை அவர்கள் திடலிலேயே 9-0 என்று வீழ்த்தியது. அயோசே பெரெஸ் மூன்று கோல், ஜேமி வார்டி மூன்று கோல். மறுநாளே நான் பெரெஸை வாங்கினேன். அந்தப் பருவத்தில் அவர் வேறு எந்த லீக் ஆட்டத்திலும் மூன்று கோல் அடிக்கவில்லை. நடந்து முடிந்த கோலுக்கு நான் காசு கொடுத்திருந்தேன். பணத்தை எல்லாம் மூன்று நட்சத்திரங்களில் கொட்டிவிட்டு, பெஞ்சில் ஆடவே மாட்டாதவர்களை உட்கார வைப்பது இன்னொரு தவறு. பயிற்றுநர் யாருக்குக் காயம் என்று வெள்ளிக்கிழமை சொல்வதற்குள் செவ்வாய்க்கிழமையே அவசரப்பட்டு மாற்றுவதும், ஒரு வாரம் கோல் அடிக்கவில்லை என்று நல்ல ஆளைத் தூக்கிவிட்டு, கூடுதல் மாற்றத்துக்காக நான்கு புள்ளியை இழப்பதும் தவறுகள்தான்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே தவறு இருப்பதாக எங்கள் லீக்கில் ஒருவன் சொல்வான். அவன் புள்ளியியல் படித்தவன். "டேய், ரிசல்ட்ட வெச்சு முடிவ எடை போடாதீங்கடா. முடிவு எடுத்த நேரத்துல உனக்கு என்னா தெரியும், அத மட்டும் பாரு." நல்ல காரணத்தோடு கேப்டன் வைத்தவன் பெனால்டியைத் தவற விட்டால் அது உன் தவறு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வைத்தவன் கோல் அடித்தால் அது உன் திறமையும் இல்லை. தோற்ற வாரங்களில் இந்த வாக்கியம் எனக்குப் பெரிய ஆறுதல். ஜெயித்த வாரங்களில் அது ஞாபகத்துக்கு வந்ததே இல்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

2019 நவம்பர் 3. எவர்ட்டனும் டோட்டன்ஹமும் ஆடிய ஆட்டம். நமக்கு அது நள்ளிரவு தாண்டி, மறுநாள் காலை எட்டு மணிக்கு எனக்கு வகுப்பு. மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தோம். சோன் ஹியுங் மின் என் அணியில் இருந்தார். இரண்டாம் பாதியில் அவர் ஆந்த்ரே கோம்ஸைப் பின்னாலிருந்து சறுக்கித் தடுத்தார். வாரத்துக்குப் பத்து முறை பார்க்கும் சாதாரண ஃபௌல். கோம்ஸ் நிலை தடுமாறி ஒராரியே மீது மோதி விழுந்தார். கணுக்கால் முறிந்து திரும்பிவிட்டது. நடுவர் முதலில் மஞ்சள் அட்டையை எடுத்தார். காயத்தைப் பார்த்த பிறகு அது சிவப்பானது. சோன் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதார்.

என் வாயிலிருந்து வந்த முதல் சொல், "மைனஸ் மூணு."

பக்கத்தில் இருந்தவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அந்த ஆளு காலப் பாருடா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். வேறு யாரும் பேசவில்லை.

இரண்டு நாளில் சங்கம் அந்தச் சிவப்பு அட்டையை ரத்து செய்தது. சோன் செய்தது மாறவில்லை. விளைவை ஒட்டி ஏறிய தண்டனை, விளைவைத் தள்ளி வைத்துப் பார்த்ததும் இறங்கியது. இது எனக்குள் ஒட்டிக்கொண்டதால் தேடிப் படித்தேன். பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் 1976இல் இதே கேள்வியை எடுத்திருக்கிறார்கள். நம் கையில் இல்லாத அதிர்ஷ்டம் நம் அறத்தை எப்படித் தீர்மானிக்கலாம்? பிரேக்கைச் சரிபார்க்காமல் லாரி ஓட்டும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் முன்னால் குழந்தை ஓடி வருகிறது, மற்றவன் முன்னால் யாரும் வரவில்லை. இருவரும் செய்தது ஒன்றுதான். ஆனால் ஒருவனை ஊர் வாழ்நாள் முழுக்கக் கொலைகாரன் என்கிறது. மற்றவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிறான்.

நாம் எல்லாரும் முதல் லாரிக்காரனைப் பற்றித்தான் பேசுகிறோம். அவனுக்கு எவ்வளவு இரக்கம் காட்டலாம், எவ்வளவு தண்டிக்கலாம் என்று. எனக்கு இரண்டாவது ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் நான்.

2023இல் நான் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தேன். புது லைன் ஒன்று வந்தது. பழைய லைனில் இருந்த ஒன்பது கான்ட்ராக்ட் டெக்னீஷியன்களில் ஆறு பேரைப் புது லைனுக்கு எடுக்க வேண்டும். மற்ற மூன்று பேரின் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாது. வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் கொடு என்றார் மேனேஜர்.

அந்த ஒன்பதில் ஒருவர் எனக்கு அண்ணன். உறவு இல்லை, ஆனால் அண்ணன்தான். நான் தொழிற்பயிற்சிக்கு வந்த முதல் வாரம் மோட்டாரின் பேரிங்கில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர். "சத்தம் மணல் மாதிரி கேட்டுச்சுன்னா கிரீஸ் போடாத தம்பி, மாத்திரு." ஐம்பதை நெருங்கிய மனிதர். புது சர்வோ டிரைவ் மென்பொருளில் அவருக்கு வேகம் கம்மி. பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதில் எங்கள் யாரையும்விட வேகம்.

நான் பொறியாளன். அட்டவணை போட்டேன். ஒவ்வொருவருக்கும் இயந்திர அறிவு, மின்சார அறிவு, வருகை, பழுதுக்குப் போய்ச் சேரும் நேரம், மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் திறன் என்று ஐந்து பத்தி. கூட்டினால் அண்ணன் ஆறாவது. அதாவது உள்ளே.

அந்தப் பட்டியலை அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு பேரில் தமிழர் அவர் ஒருவர்தான். பட்டியல் போட்டவனும் தமிழன். கேன்டீனில் யாரோ பாதி விளையாட்டாகச் சொன்னது காதில் இருந்தது, இவன் தன் மாமாவைக் கழற்றிவிட மாட்டான் என்று. கடைசிப் பத்தியில் அண்ணனுக்கு நான்கு போட்டிருந்தேன். அதை மூன்றாக மாற்றினேன். ஏழாவதாக இருந்த பையன் ஆறாவதானான். அண்ணன் ஏழாவதானார். கோப்பைச் சேமித்து அனுப்பிவிட்டேன்.

அந்த நேரத்தில் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது, பாசத்துக்கு இடம் கொடுக்கவில்லை என்பது. நேர்மையாக இருக்கிறேன் என்றே நம்பினேன்.

புது லைன் மூன்றாம் மாதமே இலக்கைத் தொட்டது. ஏழாவதிலிருந்து மேலே வந்த பையன் அருமையாக வேலை செய்கிறான், பொய் சொல்லக் கூடாது. கூட்டத்தில் மேனேஜர் என் தேர்வைப் பாராட்டினார். அன்று இரவுதான் எனக்குச் சாலா ஞாபகம் வந்தது. 2017இல் நான் செய்தது பாசத்தைத் தாண்டிய முடிவு இல்லை. சாலா எவ்வளவு ஓடுகிறார், எங்கே ஆடுவார், பெட்டிக்குள் எத்தனை முறை பந்தைத் தொடுவார் என்று நான் பார்க்கவே இல்லை. பாசக்காரன் என்று பெயர் வாங்கக் கூடாது என்பதை மட்டும் பார்த்தேன். பாசத்தால் எடுக்கிறவன் ஆட்டக்காரனைப் பார்ப்பதில்லை. பாசத்துக்குப் பயந்து விடுகிறவனும் பார்ப்பதில்லை. இரண்டு பேரும் கண்ணாடியில் தங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

திருக்குறளில் 51ஆவது அதிகாரம் தெரிந்து தெளிதல். ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. அன்பை மட்டும் வைத்து, அறிய வேண்டியதை அறியாதவரை நம்பிவிடாதே என்று அங்கே எச்சரிக்கை இருக்கிறது. இரண்டு அதிகாரம் தள்ளி 53ஆவது, சுற்றந்தழால், சுற்றத்தாரை அணைத்துக்கொள்வது பற்றியது. முன்பு எனக்கு இவை இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று தோன்றும். இப்போது அப்படித் தோன்றவில்லை. வள்ளுவர் எச்சரிப்பது அன்பு, அறிவின் இடத்தைப் பிடிப்பதை. எனக்கு அண்ணனின் வேலை தெரியும். எண்ணிலும் அது வந்துவிட்டது. அறிந்ததை நான் என் கையால் அழித்தேன்.

சாலாவை எடுக்காததால் எனக்குப் புள்ளி போனது. அதனால் ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது, நானும் சிரித்துப் பாடம் கற்றேன். சாலாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, நான் விட்டது அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அண்ணனை எடுக்காததால் எனக்கு ஒன்றும் போகவில்லை. போனதெல்லாம் அவருக்கு. என் நண்பன் சொன்ன வாக்கியத்தின் மறுபக்கம் இதுதான். விளைவு மோசமானால் முடிவு தவறென்று ஆகாது என்றால், விளைவு நன்றாக இருந்தால் முடிவு சரியென்றும் ஆகாது. முதல் பாதியை நாமே தேடிப் போய்ச் சொல்லிக்கொள்கிறோம். இரண்டாம் பாதியை நமக்கு யாரும் சொல்லமாட்டார்கள். லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது யார் வந்து கணக்குக் கேட்பார்கள்?

அடுத்த தைப்பூசத்தில் அண்ணனைத் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் பார்த்தேன். ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். இப்போது ஒரு கொண்டோவில் பராமரிப்பு வேலையாம். சம்பளம் கம்மி, ஷிப்ட் இல்லை, பரவாயில்லை என்றார்.

"புது லைன் எப்படி ஓடுது தம்பி?"

"நல்லா ஓடுதுண்ணே."

"அப்பறம் என்னா. நீ போட்ட லிஸ்ட்டு சரியான லிஸ்ட்டுதான்."

நான்கை மூன்றாக்கியதைச் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் கூட்டம் தள்ளியது. அவர் என் கையில் மோரைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்கு ஊற்றப் போய்விட்டார். நான் தலையாட்டிவிட்டு நடந்தேன். மலை ஏறி இறங்கும்வரை அந்தத் தலையாட்டல்தான் உறுத்தியது. பாதிக்கப்பட்டவரே விளைவைக் காட்டி என்னை விடுவித்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் அணி பூட்டப்படும் முன்னால், யாரை ஏன் எடுத்தேன், யாரை ஏன் விட்டேன் என்று ஒரு வரி எழுதி வைக்கிறேன். ஆட்டம் முடிந்த பிறகு புள்ளியைப் பார்ப்பதற்கு முன் அந்த வரியைப் படிக்கிறேன். வேலையிலும் அப்படித்தான். மதிப்பெண் போடும் முன் காரணத்தை எழுதுகிறேன். எழுதக் கூச்சமாக இருக்கும் காரணம் வந்தால் நிறுத்திவிடுகிறேன். 'யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாது' என்பதை எழுதிப் பாருங்கள், கை வராது.

இது அடுத்த பட்டியலுக்கு உதவும். அந்தப் பட்டியலுக்கு உதவாது. அண்ணனின் எண் என் கைப்பேசியில் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.