குறை கூறலும் குறை உணர்த்தலும்

உணவில் குறை காண்பது நன்றன்று என்பதை நம் இல்லங்களில் பிள்ளைப் பருவத்திலேயே கற்பித்து விடுகின்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் பழித்ததில்லை. பிடித்ததை உண்டார்கள், பிடிக்காததை ஒதுக்கினார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அவ்வாறாயின், விலை கொடுத்து வாங்கிய உணவு கெட்டிருந்தாலும் வாய்மூடி இருப்பதுதான் பண்பா? இவ்வினா அண்மையில் தூத்துக்குடியில் ஓர் இரவு நம்முன் வந்து நின்றது.

காயல்பட்டினத்திலிருந்து வந்திருந்த மாமாவை உபசரிக்க எண்ணி, மக்ரிபுத் தொழுகைக்குப் பின் குடும்பத்துடன் ஓர் உணவகத்திற்குச் சென்றிருந்தோம். அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் நம் கரையின் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீனுக்கு விலை ஏறிவிடும். ஆயினும் வாயிற் பலகை, ‘இன்று வந்த சீலா மீன்’ என்றது.

மீன் வந்தது. மசாலாவின் மணத்திற்குப் பின்னே வேறொரு வாடையும் வந்தது. புது மீனின் சதை முள்ளைப் பற்றி நிற்கும். இதுவோ விரல் பட்டதும் உதிர்ந்தது. பரிமாறிய இளைஞனிடம் கேட்டோம். “இன்னைக்கு வந்த மீன்தான் அண்ணாச்சி” என்றான், நம் முகத்தைப் பாராமலே. வாங்கியவனும் அவனல்லன், சமைத்தவனும் அவனல்லன். அவனைக் கடிந்து என்ன பயன்? “விடுங்க வாப்பா, சாப்பாட்டைக் குறை சொல்லப்படாது” என்றார் மாமா. மீனை ஒதுக்கிவிட்டுப் பரோட்டாவும் சால்னாவுமாக உண்டு, முழுத் தொகையும் செலுத்தித் திரும்பினோம். பொறுமை காத்துவிட்டோம் என்று உள்ளூர மகிழ்ச்சியும் கொண்டோம்.

அந்தப் பொறுமையின் ஆயுள் நம் வீட்டு வாசல் வரைதான். அண்டை வீட்டாரிடம் சொன்னோம். மறுநாள் காலை கடைத்தெருவில் நண்பர்களிடம் நகைச்சுவை கலந்து சொன்னோம். சொல்லச் சொல்லக் கதை சுவை கூடிக்கொண்டே போயிற்று. அப்போது நம் இளைய மகள், “அந்தக் கடைக்காரர்கிட்ட சொன்னீங்களா வாப்பா?” என்று கேட்டாள். நம்மிடம் விடை இல்லை. திருத்தக் கூடியவரிடம் மௌனம். திருத்த முடியாதவர்களிடம் பேச்சு! புறம் பேசுவதை, இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதோடு ஒப்பிடுகிறது திருக்குர்ஆன். பிறரை எச்சரிப்பதற்காகச் சொல்வது வேறு. சுவைக்காகச் சொல்வது வேறு. நாம் சொன்னது எதற்காக என்பதை நம் உள்ளம் அறியும். கெட்ட மீனை ஒதுக்கிய நாம், அதனினும் கெட்டதை விரும்பி உண்டோம்.

உணவைப் பழித்திராத பெருமானார் (ஸல்) அவர்களே கடைவீதியில் ஒரு தானியக் குவியலுள் கையை விட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஈரம். மழையில் நனைந்ததென்றார் வணிகர். மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இதனை முஸ்லிம் தொகுப்பில் காண்கிறோம். உப்புக் கூடுவதும் காரம் குறைவதும் சமைத்தவரின் கைத்தவறு. அதனைப் பொறுப்பது பண்பு. ஈரத்தை மறைப்பது நாணயத்தின் தவறு. அதனை அவரிடமே, அவ்விடத்திலேயே சொன்னார்கள்.

நம் கரையின் முத்துக்குளிப்பை எண்ணிப் பாருங்கள். தூத்துக்குடியில் பெரிய அளவில் அது கடைசியாக நடந்தது 1961-ஆம் ஆண்டில். அள்ளி வந்த சிப்பிகளைப் பிளக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். எடுத்தவருக்கு முத்தும் கிடைக்கலாம். வெறும் ஓடும் மிஞ்சலாம். அத்தகைய விற்பனையின் மார்க்கச் சட்டம் தனியே ஆராயத்தக்கது. ஆயினும், உள்ளிருப்பது விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. உணவகத்திலோ ஒருவர் அறிந்து விற்கிறார். மற்றவர் அறியாமல், நம்பி உண்கிறார். அந்த நம்பிக்கையே அமானிதம்.

அன்று மாலை, கூட்டமில்லாத வேளையில் சென்று உரிமையாளரைத் தனியே கண்டோம். முதலில் மறுத்தார். பிறகு குரல் தாழ்ந்தது. “மீன் இல்லன்னு சொன்னா வந்தவுக எந்திரிச்சுப் போயிருவாக அண்ணாச்சி. சாப்பிட்டவுகளும் ஒண்ணும் சொல்றதில்ல, அடுத்த தடவை வர்றதில்ல, அவ்வளவுதான்” என்றார். பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார். பலகையை மாற்றினால் போதும் என்று கூறி வந்தோம். மாற்றுவது அவர் பொறுப்பு. ஆனால் அவர் சொன்ன பின்பாதி நம்மைச் சுட்டது. உண்டவர் யாவரும் வாய்மூடிப் போனதால் அன்றோ அப்பலகை அங்கே நின்றது? அவர்களுள் நாமும் ஒருவராக இருந்தோமன்றோ?

குறை கூற நாவு ஒன்று போதும். குறையை உணர்த்தவோ, உரியவர் முன் நிற்கும் துணிவும் அவர் மானம் காக்கும் கனிவும் வேண்டும். அவ்விரண்டையும் நமக்கு அருளுமாறு இறைவனை இறைஞ்சுவோமாக!