கடப்பாரையும் பச்சைக் கற்பூரமும்

(காணிப்பாக்கம் பிரம்மோற்சவத்தை ஒட்டிச் சித்தூரில் நிகழ்த்திய சொற்பொழிவிலிருந்து)

பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வாருங்கள், இடம் இருக்கிறது. அம்மா, குழந்தை அழுதால் அழட்டும், நீங்கள் எழுந்து போகாதீர்கள். பிரகலாதன் வயிற்றுக்குள் இருந்தே கேட்டான். இது வெளியே வந்துவிட்டது, நன்றாகவே கேட்கும்.

சித்தூர்க்காரர்களுக்கு அற்புதம் என்றால் பக்கத்து வீட்டு விஷயம். காணிப்பாக்கம் இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். மூன்று சகோதரர்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவருக்குப் பேச்சு வராது. கிணறு வற்றிப்போனதென்று தூர் வாரினார்கள். மண்வெட்டி கல்லில் பட்டது. கல்லிலிருந்து ரத்தம்! கிணறெல்லாம் சிவப்பு. அந்தக் கல்தான் பிள்ளையார். மூவர் குறையும் அந்த நிமிஷமே தீர்ந்தது. உங்களுக்கு அடியேன் சொல்ல வேண்டுமா? உங்கள் பாட்டி சொல்லியிருப்பாள்.

அங்கிருந்து காளஹஸ்திக்குப் போங்கள். அங்கே என்ன? சிவனார் கண்ணிலிருந்து ரத்தம். திருமலைக்குப் போங்கள். அங்கே? பெருமாள் மோவாயில் ரத்தம். இந்தச் சீமையில் ஒருநாள் சுற்றுக்குள் மூன்று இடத்தில் சுவாமிக்கு ரத்தம் வந்திருக்கிறது. திருமலையில் வரிசையில் நிற்கிற நேரத்தை மட்டும் அடியேன் கணக்கில் சேர்க்கவில்லை!

ஏன் இங்கெல்லாம் சுவாமி ரத்தம் சிந்துகிறார்? ரொம்ப நாள் இதை யோசித்திருக்கிறேன். பாலோ தேனோ வந்தால் நாம் பாத்திரம் எடுத்துக்கொண்டு ஓடுவோம். ரத்தம் வந்தால்? பாத்திரம் தேடுவோமா? கை தானாகப் போய்க் காயத்தைப் பொத்தும். எதிரிக்கு வந்தால்கூடப் பொத்தும்.

இப்போது அனந்தாழ்வானிடம் வருகிறேன். தெரிந்த கதைதான். தெரிந்ததென்று நினைக்கிறோமே, அதனாலேதான் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் உடையவராகிய ராமானுஜர் கேட்டார்: வேங்கடத்துக்குப் பூவும் தீர்த்தமும் என்று ஆழ்வார் பாடிவிட்டாரே, அங்கே போய்ப் பூக்கைங்கரியம் செய்ய யார் இருக்கிறீர்கள்? கோஷ்டியில் சத்தமே இல்லை. மலை, குளிர், காடு. அனந்தாழ்வான் ஒருவர்தான் எழுந்தார். ‘நீயே ஆண்பிள்ளை’ என்று உடையவர் கட்டிக்கொண்டார். அனந்தாண்பிள்ளை என்று பெயர் வந்ததே அப்படித்தான்.

மலைக்கு வந்தார். பூந்தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும், ஏரி வெட்டுகிறார். யார் உதவியும் கூடாது, கைங்கரியத்தில் பங்கு கொடுக்கமாட்டேன் என்கிற பிடிவாதம். அவர் வெட்ட, மனைவி மண் சுமக்கிறாள். நிறை கர்ப்பிணி. ஒரு சிறுபிள்ளை வந்து ‘அம்மா, கூடையைக் கொடு’ என்றான். வாங்கிக்கொண்டு ஓடி ஓடிக் கொட்டினான். கூடை சீக்கிரம் சீக்கிரமாகத் திரும்பி வருவதைப் பார்த்த இவருக்குச் சந்தேகம். விஷயம் தெரிந்ததும் கோபம். கையிலிருந்த கடப்பாரையை வீசினார். பையன் மோவாயில் பட்டது. ஓடிப்போய்விட்டான்.

சந்நிதியில் அர்ச்சகர்கள் பதறுகிறார்கள். பெருமாள் மோவாயில் ரத்தம் நிற்கவில்லை. அனந்தாழ்வான் வந்து பார்த்தார், புரிந்துபோயிற்று. என்ன செய்தார்? ஊரைக் கூட்டி ‘எனக்காகப் பெருமாளே மண் சுமந்தார்’ என்று சொல்லிக்கொண்டாரா? சொல்லியிருக்கலாம், உண்மைதானே! சொல்லவில்லை. பச்சைக் கற்பூரத்தை எடுத்துக் காயத்தில் வைத்து அழுத்தினார். அவ்வளவுதான். 900 வருஷமாகிறது. இன்றைக்கும் பெருமாள் மோவாயில் பச்சைக் கற்பூரம் இருக்கிறது. கடப்பாரை வீசிய கையே கற்பூரமும் வைத்தது. ஒரே கை!

அந்தக் கையைப் பாருங்கள் என்கிறேன். அற்புதம் நடந்ததா, நடக்கவில்லையா என்று ராத்திரி முழுக்கச் சண்டை போடலாம். நடந்த பிறகு அந்த மனுஷன் கை எங்கே போயிற்று? அடியேனுக்கு அதுதான் வேண்டும். காளஹஸ்தியிலும் பாருங்கள். அடியேன் நாமம் போட்டவன் சிவன் கதை சொல்கிறேனே என்று முன் வரிசையில் ஒருத்தர் சிரிக்கிறார். சொல்வேன் சுவாமி, நன்றாகவே சொல்வேன். அர்ச்சகர் சிவகோசரியார் மறைந்து நின்று பார்க்கிறார், வேடன் திண்ணனும் பார்க்கிறான். இரண்டு பேருக்கும் தெரிந்தது ஒரே ரத்தம். திண்ணன் கை தன் கண்ணைத் தோண்டிச் சிவனுக்கு அப்பப் போயிற்று. அதனால் கண்ணப்பன்.

(யாருடைய போன் அது? எடுத்துப் பேசிவிட்டு வாருங்கள் ஐயா, காத்திருக்கிறேன்.)

1995 செப்டம்பர் 21. வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். டில்லியில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று காலையில் ஒரு பேச்சு. சாயங்காலத்துக்குள் தேசம் பூராவும், வெளிதேசக் கோயில்களிலும் வரிசை. கையில் ஸ்பூனும் சொம்புமாக ஜனங்கள். விஞ்ஞானிகள் வந்து பாலில் சாயம் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். பரப்பு இழுவிசையால் பால் விளிம்பு தாண்டி வந்து, விக்ரகத்தின் மேல் மெல்லிய படலமாகக் கீழே இறங்குவது தெரிந்தது. அவர்கள் சொன்னது சரி. அதை மறுத்துத்தான் பிள்ளையாரைக் காப்பாற்ற வேண்டுமா என்ன? என் வருத்தம் வேறே. மறுநாள் அந்த வரிசையைக் காணோம். ஸ்பூன் சமையலறைக்குத் திரும்பிவிட்டது. கற்பூரம் 900 வருஷம் நிற்கிறது. அந்தப் பால் ஒருநாள்கூட நிற்கவில்லை.

இப்போது வாட்ஸ்அப்பில் தினம் ஒரு அதிசயம். பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது, அனுப்பாவிட்டால் கெடுதல். பெருமாள் உங்களை மிரட்டுவாரா? யாரோ மிரட்டுகிறான், நீங்களும் அதை வாங்கிப் பத்துப் பேரை மிரட்டுகிறீர்கள்! கத்தோலிக்கர்களைப் பாருங்கள். பிரான்சில் லூர்து மாதா கோயில். 1858-லிருந்து அங்கே குணமானதாக வந்து சொன்னவர்கள் 7,000 பேருக்கு மேல். டாக்டர்களை வைத்து வருஷக்கணக்கில் விசாரித்துச் சபை அற்புதம் என்று ஒப்புக்கொண்டது எழுபது சொச்சம்தான். நம்பிக்கை இல்லாமலா அப்படிச் செய்கிறார்கள்? நம்பிக்கை இருப்பதால்தான் பயம். பகவான் பெயரில் பொய் போய்விடக் கூடாதே என்கிற பயம்.

அற்புதம் நம் வீட்டுச் சொத்து என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வேளாங்கண்ணியில் மோர் விற்ற முடவன் எழுந்து நடந்தான் என்பார்கள். புயலில் மாட்டிய போர்த்துகீசிய மாலுமிகள் கரையேறினார்கள், கோயில் கட்டினார்கள், மறுபடி வரும்போது பீங்கான் தட்டுகள் கொண்டுவந்து பீடத்தில் பதித்தார்கள். நாகூரில் ஷாகுல் ஹமீது ஆண்டவர் தஞ்சாவூர் அச்சுதப்ப நாயக்கரின் வியாதியைத் தீர்த்தார் என்பார்கள். பிற்காலத்தில் மராட்டிய ராஜா பிரதாப சிங் அங்கே 131 அடி மினாரா எழுப்பினார். ராஜா மதம் மாறினாரா? இல்லை. கை மட்டும் கல்லெடுத்து வைத்தது.

நம் மலையிலேயே மன்றோ கங்காளம் என்கிற பெரிய பாத்திரம் இருக்கிறதே! சர் தாமஸ் மன்றோ, வெள்ளைக்காரக் கலெக்டர், பிறகு 1820-லிருந்து மெட்ராஸ் கவர்னர். தீராத வயிற்றுவலி. பெருமாள் பொங்கல் சாப்பிட்டார், தீர்ந்தது என்பது கோயில் வழக்கு. அவரும் தம் சர்ச்சை விட்டுவிடவில்லை. தினம் ஒரு கங்காளம் பொங்கல் நைவேத்தியமாக வேண்டுமென்று ஒரு கிராமத்து வருமானத்தை எழுதிவைத்தார். 1984-ல் குண்டூர்ப் பக்கத்து இஸ்லாமிய பக்தர் ஒருவர் 108 தங்கத் தாமரை கொண்டுவந்து கொடுத்தார். செவ்வாய்க்கிழமை தோறும் அஷ்டதள பாத பத்மாராதனை நடக்கிறதே, அதற்கு அந்தப் பூதான். பூக்கைங்கரியத்துக்கு ஆள் யார் என்று உடையவர் கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா?

இன்னொன்றும் சொல்லாமல் போகமாட்டேன். 2012-ல் மும்பை வில்லே பார்லேயில் வேளாங்கண்ணி மாதா சர்ச்சில் சிலுவைத் திருமேனியின் பாதத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜனங்கள் பாட்டிலில் பிடித்துக் குடித்தார்கள். சனல் எடமருகு என்கிற பகுத்தறிவாளர் வந்து பார்த்து, பக்கத்தில் அடைத்துக்கொண்ட சாக்கடைத் தண்ணீர் சுவர் வழியாக ஏறி வருகிறது என்று சொன்னார். அவர் மேல் வழக்குப் போட்டார்கள். தேசத்தை விட்டே பின்லாந்துக்குப் போய்விட்டார். இது தப்பு. எந்த மதத்துக்காரர் செய்தாலும் தப்பு. நாளைக்கு நம் கோயிலில் நாம் செய்தாலும் தப்பு. கடப்பாரையால் மோவாயை உடைத்தவரை மலையை விட்டு இறங்கு என்று பெருமாள் சொல்லவில்லை. அவருக்குத் தோட்டம் கொடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். குழாயைப் பார்த்துச் சொன்னவரை நாம் ஊரை விட்டு விரட்டலாமா? சாக்கடைத் தண்ணீரைக் குழந்தை குடிக்காமல் தடுத்தாரே, அந்தக் கையும் காயத்தைப் பொத்திய கைதான்.

அனந்தாழ்வானைப் பாம்பு கடித்தது தெரியுமோ? விஷத்தை இறக்க வேண்டாமா என்று கேட்டார்கள். கடித்த பாம்பு பலசாலி என்றால் விரஜா நதியில் ஸ்நானம் செய்து வைகுந்தத்தில் சேவிப்பேன். கடிபட்டவன் பலசாலி என்றால் புஷ்கரிணியில் ஸ்நானம் செய்து இங்கேயே சேவிப்பேன் என்றார். இரண்டு பக்கத்திலும் கைங்கரியம்தான். பிழைத்தால் அற்புதம், பிழைக்காவிட்டால் இல்லை என்கிற கணக்கே அவரிடம் கிடையாது. ஆஸ்பத்திரியில் யாருக்காவது வேண்டிக்கொண்டு பலிக்காமல் போய், மனசு உடைந்து இங்கே உட்கார்ந்திருந்தால், உங்களுக்காகத்தான் இதைச் சொன்னேன் அம்மா. உங்கள் பக்தியில் குறை ஒன்றும் இல்லை. டாக்டரிடம் போனதும் தப்பில்லை.

மணி ஆகிவிட்டது, தட்டு அங்கே தயாராவது தெரிகிறது. பாகுதா நதி லிகிதருக்குக் கை கொடுத்த கதையை நாளைக்குச் சொல்கிறேன். நாளைக் காலை மலைக்குப் போகிறவர்கள், மகாத்துவாரத்தில் நெரிசலாக இருக்கும், பக்கத்தில் இருப்பவரைத் தள்ளாதீர்கள். உள்ளே நுழையும்போது வலது பக்கம் தலையை நிமிர்த்திச் சுவரைப் பாருங்கள். அனந்தாழ்வான் வீசிய கடப்பாரை அங்கேதான் மாட்டியிருக்கிறது. அதை ஒருதரம் சேவித்துவிட்டு உள்ளே போங்கள்.