ஆச்சியின் பாய்



லோவிசாள் பாட்டியின் பெயர் வேதத்தில் ஒரே இடத்தில்தான் வருகிறது (2 தீமோத்தேயு 1:5). தகப்பன் கிரேக்கன், ஆனாலும் பாட்டியின் விசுவாசம் தாய் ஐனிக்கேயாள் வழியாய்த் தீமோத்தேயுவை வந்து சேர்ந்தது.

என் ஆச்சி ஒரு டீச்சர். பகலில் பள்ளிக்கூடத்தில் அ, ஆ. ராத்திரி அரிக்கேன் விளக்கடியில் எங்களுக்குச் சங்கீதம். 91 வயதில் பிள்ளைகள் பெயரெல்லாம் மறந்துபோச்சு. 23-ம் சங்கீதம் மட்டும் மறக்கல. கடைசியாக என் கையைப் பிடித்து, "ஏலே, நாலு மணி ஜெபத்துக்கு இனி யாரு எந்திப்பா?" என்றார்கள். ஜெபத்தை விட்டு வருஷக்கணக்கான நான் தலைகுனிந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் விடியற்காலம், அந்தப் பாயை விரித்து முழங்காற்படியிட்டேன். பிரியமானவர்களே, உங்கள் வீட்டுப் பாய் சுருட்டியே கிடக்கிறதா? இன்றைக்கே விரியுங்கள். ஆமென்.