இறைச் சித்தமும் முன்னேற்பாடும்

பேரிடருக்கு முன்கூட்டியே ஆயத்தமாவது இறைவனின் சித்தத்தில் குறுக்கிடுவதா என்ற கேள்வி பழையது. ஐரோப்பாவில் அது இறையியல் ஏடுகளை விட்டுத் தெருவுக்கு வந்தது 1755 நவம்பர் 1-ஆம் தேதி, போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில். அன்று புனிதர் அனைவர் பெருவிழா. காலைத் திருப்பலிக்குக் கூடியிருந்தவர்கள்மீது ஆலயக் கூரைகள் சரிந்தன. நிலநடுக்கத்துக்குத் தப்பி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடலலை வாரிச் சென்றது. பிறகு நாள்கணக்கில் தீ.

வழிபட வந்தவர்கள் ஏன் மாண்டார்கள்? இயேசு சபைத் துறவி கபிரியேல் மலக்ரிடா 1756-இல் வெளியிட்ட சிறுநூலில் நகரத்தின் பாவமே காரணம் என்றார். வீடிழந்தோர் குடில் அமைப்பதில் காட்டும் முனைப்பை மனந்திரும்புவதில் காட்டச் சொன்னார். அதே ஆண்டு வால்டேருக்கு எழுதிய கடிதத்தில் மெய்யியலாளர் ரூசோ வேறொன்றைச் சுட்டினார்: ஆறேழு மாடி வீடுகளை அங்கே நெருக்கமாகக் கட்டியது இயற்கை அல்ல. அது ஆழமான பார்வை. நிலம் நடுங்குவது மனிதர் கையில் இல்லை. எத்தனை பேர் சாவார்கள் என்பதில் மனிதர் எடுத்த முடிவுகளுக்கும் பங்கு உண்டு. அப்படியானால் ஆயத்தமின்மையும் அறப்பிழையே.

பின்னாளில் பொம்பல் மார்க்கீஸ் எனப்பட்ட அமைச்சர் இந்த விவாதத்துக்குக் காத்திருக்கவில்லை. நோய் பரவாதிருக்கச் சடலங்களைப் படகிலேற்றிக் கடலில் விட, திருச்சபைத் தலைமையின் இசைவைப் பெற்றார். உணவு விலையேற்றம் தடுக்கப்பட்டது. மீண்டும் எழுந்த நகரில் தெருக்கள் அகலமாயின; அதிர்ச்சியைத் தாங்கும் மரச்சட்டகம் சுவர்களுக்குள் வைக்கப்பட்டது. எல்லாவற்றிலும் முக்கியமானது, ஊர் ஊராக அனுப்பப்பட்ட வினாப்பட்டியல்: நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் உள்வாங்கியதா ஏறியதா, எத்தனை பேர் இறந்தனர்? விடை எழுதியவர்கள் பங்குக் குருக்கள். இறந்தோருக்காக மன்றாடியவர்களே இடிபாட்டையும் கணக்கெடுத்தார்கள். இறைநம்பிக்கையும் முன்னேற்பாடும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்கு எந்தத் தத்துவ வாதத்தையும்விட இது வலுவான சான்று. நிலநடுக்க ஆய்வாளர்கள் அந்த விடைகளை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் மற்றொரு கேள்வி எஞ்சுகிறது: மக்களைக் காக்கவென்று குவியும் அதிகாரத்தை யார் கட்டுப்படுத்துவது? இடருக்குப் பின் பொம்பலின் கை வலுத்தது. மலக்ரிடா தலைநகரிலிருந்து வெளியேற்றப்பட்டார். பின்னர் வேறு குற்றச்சாட்டுகளில் சிறைப்பட்டு, 1761-இல் மதவிரோதி எனத் தீர்ப்பாகிக் கொல்லப்பட்டார். அத்தீர்ப்பை வழங்கிய சமய விசாரணை மன்றத்தின் தலைவராக அப்போது இருந்தவர் பொம்பலின் சகோதரர்.